நாளுக்கு 17 மாத்திரை

தமிழில் ‘மாத்திரை’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஒன்று இலக்கண வகுப்பில்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இன்னொன்று மருந்துச் சீட்டில். ஹைக்கூவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஹைக்கூ என்பது 17 மாத்திரை போல ஓர் அளவுக்குள் அடங்கும் கவிதை. அதைத் தினமும் ஒன்று எழுதி வந்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கவிதை எழுதியே பழக்கமில்லாதவரும் இதைச் செய்யலாம். சொல்லப்போனால் அவர்களுக்கு இது இன்னும் சுலபம், மறக்கவேண்டியது குறைவு.

முதலில் இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்ற கதை. ஜப்பானில் பல பேர் கூடி உட்கார்ந்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்து எழுதும் தொடர்கவிதை ஒன்று இருந்தது. ரெங்கா என்று பெயர். அதன் தொடக்கக் கண்ணி ஹொக்கு. கூடியிருக்கும் பருவம் என்ன என்பதை அந்த முதல் கண்ணி சொல்லிவிடவேண்டும் என்பது வழக்கம். 17ஆம் நூற்றாண்டில் பாஷோ (1644–1694) கையில் அந்த ஹொக்கு தனியாக நின்றாலும் தாங்குகிற கவிதையாக ஆனது. பழைய குளம், குதிக்கும் தவளை, தண்ணீர்ச் சத்தம்: 1686இல் வந்த அந்தக் கவிதையை எங்காவது கேட்டிருப்பீர்கள். ‘ஹைக்கூ’ என்ற பெயர் நிலைத்தது அதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, மசாவோகா ஷிகியால். இந்த ஷிகி நமக்கு ரொம்ப வேண்டிய ஆள், அப்புறம் வருகிறேன். தமிழுக்கு இந்தக் கவிதையின் வாசனையைக் காட்டியவர் பாரதி. ஜப்பானியக் கவிதை பற்றி 1916இல் சுதேசமித்திரனில் எழுதினார்.

சரி, அந்த 17 என்ன கணக்கு? முதல் வரியில் 5, நடுவில் 7, கடைசியில் 5. எதை எண்ணுவது என்பதில்தான் பல மொழிக்காரர்களுக்குக் குழப்பம். தமிழ் படித்தவருக்கு இது குழப்பமே இல்லை, ஏனென்றால் ஜப்பானியர் எண்ணுவது கிட்டத்தட்ட நம் மாத்திரையைத்தான். குறில் ஒன்று, நெடில் இரண்டு. டோக்கியோ என்ற ஊர்ப்பெயரில் இரண்டு உயிரும் நெடில் என்பதால் தோ-ஓ-க்யோ-ஓ என்று நான்காக எண்ணுவார்கள். மெய்யெழுத்தில் மட்டும் அவர்கள் தாராளம்: இரட்டிக்கும் மெய்க்கும் கடைசி ‘ன்’னுக்கும் நாம் அரை கொடுக்கும் இடத்தில் முழுசாக ஒன்று கொடுத்துவிடுவார்கள். நிப்பொன் என்ற சொல் நமக்கு மூன்று மாத்திரை, அவர்களுக்கு நான்கு.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும், தமிழில் எழுதும்போது 5-7-5ஐக் கட்டிக்கொண்டு அழவேண்டாம் என்பது என் கட்சி. நம் வினைச்சொற்கள் ரயில் மாதிரி நீளமானவை. ‘பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள், 11 மாத்திரை காலி. மீதி ஆறில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வது? அதனால் சின்ன வரி, கொஞ்சம் பெரிய வரி, மறுபடி சின்ன வரி என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வரவேண்டும், அவ்வளவுதான். விரல்விட்டு எண்ணுவது பிடித்தவர்கள் எண்ணலாம். தூக்கம் வராத இரவில் எண்ணுவதும் ஒரு சுகம்தான்.

எண்ணிக்கையைவிட முக்கியம் வெட்டு. ஜப்பானிய ஹைக்கூவில் ‘யா’, ‘கானா’, ‘கேரி’ போன்ற சிறு சொற்கள் வரும். கிரெஜி என்பார்கள், வெட்டுச்சொல் என்று பொருள். பாஷோவின் தவளைக் கவிதையில் பழைய குளம் என்றதும் ஒரு ‘யா’ விழுகிறது. அங்கே மூச்சு நிற்கிறது. குளத்துக்கும் தவளைக்கும் நடுவே கவிஞர் ஒன்றும் சொல்வதில்லை. ‘போல’ இல்லை, ‘ஆகவே’ இல்லை, ‘அதுபோல்தான் என் மனமும்’ இல்லவே இல்லை. தமிழில் இந்த வெட்டை வரி மடங்கும் இடத்திலேயே காட்டிவிடலாம்.

மழை விட்டது
கொடியில் ஒரு சட்டை மட்டும்
இன்னும் சொட்டுகிறது

முதல் வரியோடு ஒரு காட்சி முடிகிறது, அடுத்த இரண்டில் இன்னொன்று. வெளியே மழை நின்றுவிட்டது, சட்டைக்குள் இன்னும் நிற்கவில்லை. யாருடைய சட்டை, ஏன் எடுக்காமல் விட்டார்கள் என்று நான் எழுதவில்லை. எழுதினால் அது என் கதையாகிவிடும். எழுதாமல் விட்டால் படிக்கிறவர் தனக்குத் தெரிந்த சட்டையை அந்தக் கொடியில் போட்டுக்கொள்வார்.

இன்னொன்று பருவம். ஹைக்கூவில் கிகோ என்னும் பருவச்சொல் ஒன்று இருக்கவேண்டும் என்பது மரபு. எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு என்று தொகுத்துச் சொல்லும் கையேடுகளே ஜப்பானில் உண்டு, அவற்றுக்குச் சைஜிகி என்று பெயர். நமக்கு இது புதிதா என்ன? சங்கப் பாட்டில் கார்காலமும் மாலையும் வந்தாலே, வாசலைப் பார்த்தபடி ஒருத்தி காத்திருக்கிறாள் என்று தெரிந்துவிடுகிறது. பெரும்பொழுது, சிறுபொழுது, ஒரு பூ, ஒரு பறவை சொன்னால் போதும், உரிப்பொருள் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அதே வித்தைதான். தினமும் எழுதுகிறவர் பருவச்சொல் அகராதி தேடிப் போகவேண்டாம், பொழுதைச் சொன்னாலே பாதிக் கவிதை ஆகிவிடும்.

பருவத்தை விட்டுவிட்டு மனிதரின் அசட்டுத்தனத்தை மட்டும் பிடிக்கும் மூன்று வரிக்குச் சென்ரியூ என்று வேறு பெயர் இருக்கிறது. இப்படி:

மாத்திரைப் பெட்டி
புதன் வந்த பிறகும்
செவ்வாய் அப்படியே

நீங்கள் எழுதப்போவதில் பாதி சென்ரியூவாகத்தான் இருக்கும். இருக்கட்டும், யாரும் வந்து பிடிக்கப்போவதில்லை.

இனி ஆறுதலுக்கு வருவோம். எழுதினால் மனபாரம் குறையும் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நாட்குறிப்பு: நடந்ததைக் கொட்டித் தீர்ப்பது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் இதை ஆராய்ந்தார். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் தங்களை மிகவும் உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த கையோடு முன்னைவிட வாட்டமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. காயத்தைத் திறந்து கழுவுகிற வைத்தியம் அது. பலன் உண்டு, வலியும் உண்டு.

ஹைக்கூ காயத்தைத் தொடுவதே இல்லை. அதன் சட்டத்தில் ‘நான் வருத்தமாக இருக்கிறேன்’ என்று சொல்ல இடம் இல்லை. வருத்தமாக இருக்கும்போது எதிரே என்ன இருந்தது என்று மட்டும்தான் சொல்லலாம். கேட்க வறட்டுத்தனமாக இருக்கும். நாள் முழுக்க உங்கள் வருத்தத்தையே உங்களுக்குள் சொல்லிச் சொல்லிச் சலித்தபிறகு, அதைச் சொல்லக்கூடாது என்று ஓர் இடம் தடை போடுவது எவ்வளவு பெரிய விடுமுறை என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

அதைவிட ஒன்று. எழுதும் அந்த ஐந்து நிமிடத்தில் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை. சொல் சிக்காமல் எரிச்சல்கூட வரும். ஆறுதல் மற்ற நேரத்தில்தான் நடக்கிறது. ராத்திரிக்குள் ஒன்று எழுதியாகவேண்டும் என்று தெரிந்தவுடன் கண்ணுக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது. வரிசையில் நிற்கும்போது, காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, ‘இது ஆகுமா, அது ஆகுமா’ என்று மேய்கிறது. கவலை நேற்றைக்கும் நாளைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஹைக்கூவுக்கு வேண்டிய பொருள் இந்த அறையில், இந்த நிமிடத்தில் மட்டும்தான் கிடைக்கும். தேடுகிற நேரமெல்லாம் நீங்கள் இங்கே இருந்தாகவேண்டும். நாளுக்கு நாலைந்து தடவை இப்படி இங்கே திரும்பி வருவது, அவ்வளவுதான் அந்த வைத்தியம்.

ஷிகிக்கு வருவோம். 1867இல் பிறந்தவர். 1889இல் ரத்தம் கக்கினார், காசநோய். ஷிகி என்று புனைபெயர் வைத்துக்கொண்டது அதன் பிறகு. அது ஒரு குயிலினத்தின் பெயர், ரத்தம் வரும்வரை கூவும் என்று அதைப் பற்றி ஒரு நம்பிக்கை. தன் நோயையே பெயராகச் சூட்டிக்கொண்ட மனிதர். நோய் முதுகெலும்புக்குப் பரவி, வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்தார். அந்தப் படுக்கையிலிருந்துகொண்டு அவர் சொன்ன வழி ‘ஷாசெய்’: ஓவியர்கள் எதிரே இருப்பதைப் பார்த்துக் கோட்டோவியம் போடுவார்களே, அதுபோல் கவிதையும் உள்ளதை உள்ளபடி வரையவேண்டும்.

1896இல் எழுதிய அவருடைய கவிதை ஒன்று உண்டு. வெளியே பனி கொட்டுகிறது. இவரால் எழுந்துபோய்ப் பார்க்க முடியாது. பனி எவ்வளவு ஆழம் ஆகியிருக்கிறது என்று வீட்டிலிருப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் மொத்தக் கவிதையும். வலியைப் பற்றி ஒரு சொல் இல்லை, தன்னிரக்கம் இல்லை. ஆனால் படுத்தபடியே கேட்கும் அந்தக் குரல், ‘போன தடவை கேட்டதைவிட ஏறியிருக்குமோ’ என்ற அந்தக் குழந்தைத்தனமான ஆவல், எல்லாம் அதற்குள் இருக்கிறது. பிறகு அவருடைய சீடர் ஒருவர் அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுக்கொடுத்தார். படுத்தபடியே தோட்டம் தெரிந்தது. 1902இல், ஆறடிப் படுக்கையே தன் உலகம் என்பதைத் தலைப்பிலேயே சொல்லி, ஒரு நாளிதழில் தொடர் எழுதினார். மே மாதம் தொடங்கிய அந்தத் தொடர், செப்டம்பர் 19 அன்று அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வரை வந்தது. வயது 34. கடைசியாக எழுதிய மூன்று ஹைக்கூவும் தோட்டத்தில் தொங்கிய நுரைப்பீர்க்கங்காயைப் பற்றியவை. அதன் கொடியிலிருந்து எடுக்கும் நீர் சளிக்கு மருந்தாக இருந்தது. சாகிற நேரத்திலும் மனிதர் பீர்க்கங்காயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதனால் ஷிகிக்கு நோய் குணமானதா என்றால் இல்லை. வலி குறைந்ததா? அதுவும் இல்லை, வலியில் கத்தியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஹைக்கூ தரும் ஆறுதலின் எல்லை எது என்று தெரிந்துகொள்ளவும் அவர் நல்ல ஆள்.

இன்னொருவர் இஸ்ஸா. சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் திருமணம், பிறந்த குழந்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. 1819இல் பெண் குழந்தை அம்மையில் இறந்தபோது அவர் எழுதியது, உலகம் பனித்துளி போன்றது என்று தெரியும், தெரிந்தும், தெரிந்தும்… என்று பாதியில் நின்றுவிடுகிற ஒரு கவிதை. தத்துவம் முதல் வரியோடு சரி, அப்புறம் வாய் அடைத்துப்போகிறது. சுமார் 20,000 ஹைக்கூ எழுதியவர் அவர். அதில் ஈயும் தெள்ளுப்பூச்சியும் நத்தையும் அடிக்கடி வரும். அவற்றோடு பேசுவார், கொல்லாதே என்று பரிந்துபேசுவார். அதைப் படிக்கும்போது சிரிப்பும் வரும், இந்த மனிதருக்குப் பேச வீட்டில் வேறு யாரும் இல்லையே என்றும் தோன்றும்.

ஹைக்கூ ஜப்பானியருக்கு மட்டும் கைகொடுத்தது என்றும் நினைக்கவேண்டாம். அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட், கோபமும் நீளமுமான நாவல்களுக்குப் பேர்போனவர், பிரான்ஸில் நோயோடு கழித்த கடைசி 18 மாதங்களில் 4,000 ஹைக்கூ போல எழுதினார். 1960இல் இறந்தார். அவரே தேர்ந்தெடுத்து வைத்திருந்த 817 கவிதைகள் 1998இல்தான் புத்தகமாக வந்தன. கணக்குப் போட்டால் நாளுக்கு ஏழுக்கு மேல் வருகிறது. நமக்கு ஒன்று போதும்.

இப்போது ஒன்றை எழுதிப் பார்ப்போம். அப்பா படுக்கையில் இருந்த மாதங்களில் நான் எழுதத் தொடங்கினேன். முதல் வாரத்து நோட்டில் இருப்பதை வெட்கத்தை விட்டுக் காட்டுகிறேன்:

தூக்கமில்லா இரவில்
தனிமை என்னைத் தின்கிறது
விடியல் எப்போது

மூன்று வரி இருக்கிறது. ஹைக்கூ இல்லை. தனிமை என்ற சொல் பார்க்கவே முடியாதது. தின்கிறது என்பது யாரோ எப்போதோ சொன்னது. விடியல் எப்போது என்பது மேடைப் பேச்சு. எழுதி முடித்ததும் முன்னைவிட அழுத்தமாக இருந்தது. எல்லா வரியிலும் நானே இருந்தேன், மூச்சுவிட இடம் இல்லை.

இரண்டு நாள் கழித்து என்னையே கேட்டுக்கொண்டேன்: எங்கே உட்கார்ந்திருந்தாய்? சமையலறை நாற்காலியில். மணி என்ன? இரண்டு. என்ன தெரிந்தது? ஒன்றும் இல்லை, விளக்குப் போடவில்லை. என்ன கேட்டது? அங்கேதான் பிடி கிடைத்தது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறது என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது. அடுத்த முயற்சி:

நள்ளிரவு
ஃபிரிட்ஜ் சத்தம் நின்றதும்
பயங்கர அமைதி

பரவாயில்லை, ஒரு பொருள் உள்ளே வந்துவிட்டது. ஆனால் ‘பயங்கர’ என்று நான் ஏன் சொல்லவேண்டும்? அமைதி என்பதும் நிஜமில்லை. ஃபிரிட்ஜ் நின்றதும் அமைதி வரவில்லை, அதுவரை அமுங்கிக் கிடந்த வேறொரு சத்தம் மேலே வந்தது.

இரவு இரண்டு மணி
ஃபிரிட்ஜ் சத்தம் நின்றதும்
கடிகாரம் கேட்கிறது

இதை எழுதியபிறகுதான் கடைசி வரி இரண்டு பக்கமும் திறக்கிறது என்று கவனித்தேன். கடிகாரத்தின் சத்தம் காதில் விழுகிறது என்றும் படிக்கலாம். கடிகாரம் என்னிடம் ஏதோ கேட்கிறது என்றும் படிக்கலாம். அது என் சாமர்த்தியம் இல்லை, தமிழ் போட்ட பிச்சை. இருட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்பா உள்ளே இருமினார், எழுந்து போனேன்.

பழக்கமாக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். நோட்டு சின்னதாக இருக்கட்டும். பெரிய நோட்டு பெரிதாக எழுதச் சொல்லும். தேதி கட்டாயம் போடுங்கள். நேரம் எதுவானாலும் சரி, தினமும் செய்யும் ஏதாவது ஒரு வேலைக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் மறக்காது. எனக்கு அது பல் துலக்கிய பிறகு. சோகம், வலி, தனிமை, நினைவு, மௌனம், காலம் ஆகிய சொற்களை ஒரு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். ‘இதயம்’ என்பதை வைத்தியர் மட்டும் பயன்படுத்தட்டும். உவமை வந்தால் சந்தேகப்படுங்கள். எழுதியதைச் சத்தமாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும் இடத்தில்தான் வேண்டாத சொல் இருக்கும். திருத்துவது மறுநாள், அன்றைக்கே திருத்த உட்கார்ந்தால் தூக்கம் போய்விடும்.

பிறருக்குக் காட்டுவது உங்கள் விருப்பம். கொஞ்ச நாளைக்குக் காட்டாமலிருப்பது நல்லது என்று நினைக்கிறேன். யாராவது பாராட்டிவிட்டால் மறுநாள் கண் பொருளைப் பார்க்காது, பாராட்டைத் தேடும்.

நாள் தவறினால் என்ன? தவறட்டும். அதற்கு வட்டி போட்டு மறுநாள் இரண்டு எழுதவேண்டியதில்லை. ஒன்றுமே தோன்றாத நாட்களும் வரும், துக்கத்தில் அப்படித்தான். அன்றைக்குக் கவிதை வேண்டாம். கண்ணில் பட்ட ஒரு பொருளின் பெயரை மட்டும் தேதிக்குக் கீழே எழுதிவையுங்கள். அதுவும் கணக்கில் சேர்த்திதான். ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் வாரக்கணக்கில் நீண்டு, சாப்பாடும் தூக்கமும் போய், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டினால், நோட்டை மூடிவிட்டு உடனே நெருங்கினவரிடமும் மருத்துவரிடமும் சொல்லவேண்டும். அதற்கு வேண்டியது அந்த இன்னொரு மாத்திரை, இது இல்லை.

என் நோட்டில் அப்பா இறந்த வாரத்துக்குப் பக்கம் காலியாக இல்லை. ஏழு தேதிகள், ஏழு சொற்கள். நாற்காலி. டம்ளர். சுவர். சுவர். குடை. எறும்பு. சுவர். எந்தச் சுவர் என்று நன்றாக நினைவிருக்கிறது. கட்டில் தலைமாடு உரசி உரசி ஓர் இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருக்கும், உள்ளே பழைய பச்சை நிறம் தெரியும். அதை மூன்று வரியாக்க ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், இரண்டாவது வரி இன்னும் சிக்கவில்லை.